மைதானத்துக்கு யார் வீட்டுப் பணம்?

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி முடித்து வெளியே வரும் மாணவர்களின் எண்ணிக்கை 2025-ஆம் ஆண்டோடு உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்குகிறது. 2041-க்குள் அது 13 சதவீதம் குறையும் என்று மேற்கு மாநிலங்களின் உயர்கல்வி ஆணையம் கணித்திருக்கிறது. வகுப்பறையை நிரப்ப வழி தேடும் சிறிய கல்லூரிகளுக்குச் சட்டென்று தோன்றும் யோசனைகளில் ஒன்று, புதிதாக ஒரு விளையாட்டு அணியைத் தொடங்குவது. அந்த அணிக்கு ஆகும் செலவை யார் தருகிறார்கள், யாருக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டால்தான் நேரான பதில் வருவதில்லை.

இங்கே பேச்சு ஹார்வர்டையோ ஸ்டான்ஃபோர்டையோ பற்றியது இல்லை; சமுதாயக் கல்லூரிகளைப் பற்றியது. 1995-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் அடுத்த ஆண்டு சென்னையில் கத்தோலிக்கத் திருச்சபையும் சமுதாயக் கல்லூரி என்ற பெயரில் தொடங்கினார்களே, அந்தப் பெயர் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான்.

நம்மூரில் அது சிறு தொழிற்பயிற்சி நிலையமாக நின்றுவிட்டது. அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள். நுழைவுத் தேர்வு கிடையாது. உள்ளூர்க்காரருக்கு ஆண்டுக் கட்டணம் சராசரியாக 4,000 டாலர் அளவில்தான். இரண்டு ஆண்டு படித்துவிட்டு வேலைக்குப் போகலாம். அல்லது பல்கலைக்கழகத்தில் நேராக மூன்றாம் ஆண்டில் சேரலாம். நர்ஸ், எலக்ட்ரீஷியன், தீயணைப்பு வீரர் எனப் பலரும் உருவாவது இங்கேதான்.

இவற்றில் ஏறத்தாழ 500 கல்லூரிகள் 1938-இல் அமைந்த தேசிய இளநிலைக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தில் இருக்கின்றன. அந்தச் சங்கத்தின் கீழ் மட்டும் சுமார் 60,000 பேர் விளையாடுகிறார்கள். கலிபோர்னியா தனக்கென்று தனிச் சங்கம் வைத்திருக்கிறது. பெரிய பல்கலைக்கழகங்களுக்கு இருப்பதுபோலக் கோடிகளைக் கொட்டும் தொலைக்காட்சி ஒப்பந்தம் இங்கே இல்லை. டிக்கெட் வசூல் பேருந்து டீசலுக்குக் கண்டால் பெரிது.

காய்கறிக்கு விழுந்த ஓட்டு

அரிசோனா மாநிலத்தின் ஸ்காட்ஸ்டேல் சமுதாயக் கல்லூரி 1970-இல் தொடங்கியது. தொடங்கிய சில ஆண்டுகளிலேயே மாணவர்களுக்கும் நிர்வாகத்துக்கும் முட்டிக்கொண்டது. படிப்புக்கும் உதவித்தொகைக்கும் போக வேண்டிய பணத்தை விளையாட்டில் கொட்டுகிறார்கள் என்பது மாணவர் பேரவையின் புகார்.

அமெரிக்கக் கல்லூரி அணிகளுக்கெல்லாம் ஒரு சின்னம் உண்டு. புலி, கரடி, கழுகு என்று பார்த்தாலே எதிரணி நடுங்க வேண்டும். ஸ்காட்ஸ்டேலில் சின்னத்துக்கு ஓட்டெடுப்பு வந்தபோது மாணவர்கள் தங்கள் கோபத்தை அதில் காட்டினார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்தது ஆர்டிசோக். தாமரை மொட்டுக்கும் அன்னாசிப் பழத்துக்கும் பிறந்த பிள்ளைபோல் இருக்கும் ஒரு காய்கறி. நிர்வாகம் வெட்கப்பட வேண்டும் என்பதுதான் நோக்கம். நிர்வாகமோ நாளடைவில் அதைப் பழகிக்கொண்டுவிட்டது. இன்றும் அந்தக் கல்லூரியின் அணிகளுக்குப் பெயர் ‘சண்டைக்கார ஆர்டிசோக்குகள்’.

இதை வெறும் வேடிக்கையாகச் சிரித்துக் கடந்துவிடக் கூடாது. கல்லூரி விளையாட்டின் கணக்கைக் கேட்டு மாணவர்களே நடத்திய போராட்டங்களில் இவ்வளவு சுருக்கமாக விஷயத்தைச் சொன்னது வேறு இருக்குமா என்று தெரியவில்லை.

ஒரு டாலர் பிசகாத கணக்கு

கணக்கு எங்கே இருக்கிறது? சட்டப்படி அது எல்லோர் கண்ணுக்கும் தெரிய வேண்டும். 1994-இல் வந்த சட்டம் ஒன்று, மத்திய அரசின் கல்வி உதவியைப் பெறும் மாணவர்கள் படிக்கிற, போட்டி அணிகள் வைத்திருக்கிற ஒவ்வொரு இருபாலர் கல்லூரியும் ஆண்டுதோறும் அக்டோபர் 15-க்குள் விளையாட்டு வரவு செலவை வெளியிட வேண்டும் என்கிறது. ஆண்கள் அணிக்கு எவ்வளவு, பெண்கள் அணிக்கு எவ்வளவு, பயிற்சியாளர் சம்பளம் எவ்வளவு என்று தனித்தனியாக. கல்வித் துறையின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம்.

பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். கல்லூரிக்குக் கல்லூரி வரவும் செலவும் ஒரு டாலர்கூடப் பிசகாமல் சமமாக இருக்கும். நம் வீட்டுக் கணக்கு என்றைக்காவது அப்படி முடிந்திருக்கிறதா?

இதில் மோசடி ஏதும் இல்லை. கல்லூரி தன் பொது நிதியிலிருந்து விளையாட்டுத் துறைக்குத் தள்ளும் பணத்தையும் ‘வரவு’ என்றே எழுதலாம் என்று அந்த ஆண்டறிக்கைக்கான படிவம் அனுமதிக்கிறது. துண்டு விழும் தொகை எவ்வளவோ அவ்வளவும் வரவாகிவிடுகிறது. அப்பா தந்த பணத்தைச் சம்பாத்தியம் என்று மகன் எழுதிக் காட்டுவது போலத்தான். படிக்கிற பொதுமக்களுக்கு நட்டமே இல்லாத துறையாகத் தோன்றும்.

அந்தப் பொது நிதி எங்கிருந்து வருகிறது? மாணவர் கட்டணம், மாநில அரசின் மானியம், பல மாநிலங்களில் உள்ளூர்ச் சொத்து வரி. ஆக, வீடு வைத்திருப்பவரும் மாலை வகுப்புக்கு வரும் இரண்டு பிள்ளைகளின் தாயும் சேர்ந்துதான் மைதானத்துக்குப் பணம் தருகிறார்கள். தருவதில் தவறில்லை, தருகிறோம் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

தலைக்கு இவ்வளவு

கல்லூரித் தரப்பு வாதத்தையும் நியாயமாக எடுத்து வைக்க வேண்டும். அது ஒன்றும் பொய் வாதம் இல்லை.

ஒரு பேச்சுக்கு, ஒரு கல்லூரி பேஸ்பால் அணி தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். முப்பது பேர் சேருகிறார்கள். ஆளுக்கு 4,000 டாலர் கட்டணம் என்றால் 1.2 லட்சம் டாலர். பல மாநிலங்களில் மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தே வரும், அதுவும் கூடும். இன்னொன்று, சமுதாயக் கல்லூரி மாணவர்களில் பெரும்பாலோர் பகுதி நேரமாகப் படிப்பவர்கள். அணியில் விளையாட வேண்டுமானால் முழுநேரமாகப் படித்தாக வேண்டும். எனவே மானியக் கணக்கில் ஒரு வீரர் ஏறத்தாழ இரண்டு பகுதி நேர மாணவருக்குச் சமம். பயிற்சியாளர் சம்பளம், பேருந்து, மட்டை, பந்து எல்லாம் போக மிச்சமே இருக்கும் என்கிறார்கள்.

இருக்கலாம். ஆனால், இந்த முப்பது பேரில் எத்தனை பேர் அணி இல்லாவிட்டாலும் அதே கல்லூரிக்கு வந்திருப்பார்கள்? பக்கத்துத் தெருப் பையன் எப்படியும் வருவான். அவனை அணி கொண்டுவந்த வரவாக எழுதக் கூடாது. அணிக்காகவே வெளியூரிலிருந்து வருபவரின் கட்டணத்தைக் கல்லூரியே உதவித்தொகையாகத் தள்ளுபடி செய்கிறது என்றால் அதுவும் வரவு இல்லை. தேசியச் சங்கத்தின் முதல் பிரிவில் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாமே இலவசமாகத் தரலாம். இரண்டாம் பிரிவில் கட்டணமும் புத்தகமும். மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று ஒரு காசு கிடையாது. கலிபோர்னியா கல்லூரிகளிலும் கிடையாது. மாணவரைக் கொண்டுவருகிறோம் என்ற வாதம் மூன்றாம் பிரிவுக்காரர் வாயிலிருந்து வந்தால் காது கொடுக்கலாம். முதல் பிரிவுக்காரர் சொன்னால் ரசீதைக் கேட்க வேண்டும்.

இதையெல்லாம் கழித்துப் பார்த்த கணக்கைக் கல்லூரிகள் வெளியிடுவது அபூர்வம். வெளியிட்டுப் பார்த்தால் சில அணிகள் நிஜமாகவே லாபத்தில் இருக்கும் என்பது என் அனுமானம். ஓட்டப் பந்தய அணிக்கு என்ன பெரிய செலவு? காலணியும் பாதையும் போதும்.

யானையைக் கட்டித் தீனி போடுவது

கணக்கு உதைப்பது பெரும்பாலும் அமெரிக்கக் கால்பந்தில்தான். நாம் காலால் உதைக்கும் பந்து இல்லை இது. தலைக்கவசம் மாட்டி மோதிக்கொள்ளும் நீள்வட்டப் பந்து ஆட்டம். ஓர் அணிக்கு எண்பது, நூறு பேர். அத்தனை பேருக்கும் கவசம், தோள் தாங்கி, காப்பீடு, வெளியூர் ஆட்டத்துக்கு இரண்டு மூன்று பேருந்து, விடுதி அறை. பேஸ்பாலைப் பூனை என்றால் இது யானை.

1972-ஆம் ஆண்டின் பாலினச் சமத்துவச் சட்டம் இன்னொரு கேள்வியையும் போடுகிறது. சமுதாயக் கல்லூரிகளில் பெண்களே அதிகம் படிக்கிறார்கள். எண்பது ஆண்களுக்கு ஓர் அணி வைத்தால் பெண்களுக்கு அதற்கேற்ற வாய்ப்பு எங்கே என்று சட்டம் கேட்கும்.

அரிசோனாவின் மாரிகோப்பா மாவட்டத்தில் ஃபீனிக்ஸ் நகரைச் சுற்றிப் பத்துச் சமுதாயக் கல்லூரிகள் ஒரே நிர்வாகத்தில் இருக்கின்றன. 2015-16 பட்ஜெட்டில் மாநிலச் சட்டமன்றம் மாரிகோப்பாவுக்கும் டூசான் நகரின் பீமா கல்லூரிக்கும் தந்துவந்த நிதியைப் பூஜ்யமாக்கியது. குறைத்தது இல்லை, பூஜ்யம். மிஞ்சியது சொத்து வரியும் மாணவர் கட்டணமும்.

2018 பிப்ரவரியில் மாரிகோப்பா நிர்வாகம் மேசா, கிளெண்டேல், ஃபீனிக்ஸ், ஸ்காட்ஸ்டேல் ஆகிய நான்கு கல்லூரிகளிலும் அந்த ஆண்டுப் பருவத்தோடு கால்பந்து முடிகிறது என்று அறிவித்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 7.7 லட்சம் டாலர் மிச்சம். மைதானங்களைச் சீரமைக்க வேண்டியிருந்த சுமார் 2 கோடி டாலரும் தவிர்க்கப்படும் என்பது நிர்வாகம் சொன்ன கணக்கு. காய்கறிச் சின்னத்தை ஓட்டுப்போட்டு வைத்த மாணவர்களுக்கு அப்போது வயது அறுபதுக்கு மேல் ஆகியிருக்கும். அவர்கள் கேட்டது பாதி நடந்தது. ஆனால் நடத்தியது சட்டமன்றத்தின் கத்திரிக்கோல்.

அதே ஆண்டில் பீமாவும், யூமா நகரின் அரிசோனா வெஸ்டர்ன் கல்லூரியும் கால்பந்தைக் கைவிட்டன. அரிசோனா வெஸ்டர்ன் 2016-இல் தேசிய இறுதி ஆட்டம்வரை போய், மூன்றே புள்ளியில் தோற்ற அணி. மைதானத்து வெற்றி பட்ஜெட் கூட்டத்தில் செல்லுபடியாகவில்லை.

இழப்பு யாருக்கு என்பதையும் சொல்லியாக வேண்டும். நான்கு ஆண்டுப் பல்கலைக்கழகம் எதுவும் கூப்பிடாத, படிப்பில் சுமாரான, வீட்டில் பணமில்லாத பையனுக்குக் கல்லூரிக்குள் நுழைய இருந்த ஒரே சாக்கு அந்த அணிதான். அவனை இழுத்துப் பிடிக்க வேறு என்ன ஏற்பாடு செய்திருக்கிறோம் என்று கேட்காமல் அணியை மூடியது அவசரம் என்றே படுகிறது.

உள்ளூர்ப் பையனும் வெளியூர்ப் பையனும்

கறுப்பின வீரர்களுக்கு அடைத்திருந்த மேஜர் லீக் பேஸ்பால் கதவை 1947-இல் உடைத்த ஜாக்கி ராபின்சன், தான் வளர்ந்த ஊரான பாசடேனாவின் இளநிலைக் கல்லூரியில் ஆடியவர். அமெரிக்கக் கால்பந்து வீரர் ஆரோன் ராட்ஜர்ஸை உயர்நிலைப் பள்ளி முடித்தபோது எந்தப் பெரிய பல்கலைக்கழகமும் உதவித்தொகை தந்து கூப்பிடவில்லை. வீட்டுக்குப் பக்கத்திலிருந்த பியூட் கல்லூரியில் 2002-இல் ஆடினார். பெர்க்லி பல்கலைக்கழகப் பயிற்சியாளர் அங்கே வேறொரு வீரரைப் பார்க்க வந்து, இவரைக் கண்டுகொண்டார். பேஸ்பாலில் 700 ஹோம் ரன்களைத் தாண்டிய ஆல்பர்ட் புஹோல்ஸ், மிசூரியில் தான் குடியிருந்த பகுதியின் மேப்பில் வுட்ஸ் சமுதாயக் கல்லூரியின் மாணவர்.

மூவரும் உள்ளூர்ப் பிள்ளைகள். ஊர் கட்டிய வரியில் ஊர்ப் பிள்ளைக்கு ஒரு வாய்ப்பு. சமுதாயக் கல்லூரி என்ற சொல்லுக்கு இதைவிட நேரான பொருள் இல்லை.

இன்னொரு வகையும் உண்டு. ஜார்ஜியாவில் வளர்ந்து, புளோரிடா பல்கலைக்கழகத்திலிருந்து விலகிய கால்பந்து வீரர் கேம் நியூட்டன், 2009-இல் டெக்சாஸின் பிளின் கல்லூரிக்கு வந்தார். ஒரே பருவம். தேசியப் பட்டத்தை வாங்கிக் கொடுத்தார். அடுத்த ஆண்டு ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் ஆடிக்கொண்டிருந்தார். அவர்மேல் குற்றமில்லை. பட்டம் வேண்டும் என்று வாடகைக்கு வீரர் பிடிக்கும் பழக்கம்தான் கவலைக்குரியது.

கேன்சஸ் மாநிலத்தில் சமுதாயக் கல்லூரிகள் சொத்து வரியை நம்பி நடப்பவை. வெளிமாநிலக் கால்பந்து வீரர்களுக்கு அங்கே ஓர் உச்சவரம்பு இருந்தது. 2016-இல் அதை நீக்கினார்கள். அதே ஆண்டு, அரிசோனா வெஸ்டர்னை மூன்று புள்ளியில் வென்று தேசியப் பட்டம் பெற்றது கேன்சஸின் கார்டன் சிட்டி சமுதாயக் கல்லூரி. இரண்டு ஆண்டு கழித்து, 2018 ஆகஸ்டில், நியூ ஜெர்சியிலிருந்து அங்கே சேர வந்த 19 வயதுப் பையன் பயிற்சியின் முதல் நாளிலேயே உடற்சூடு எகிறி இறந்துபோனான்.

கடும் உழைப்பால் வரும் வெப்பத்தாக்கு, உடனே பனிக்கட்டித் தண்ணீரில் இறக்கினால் பெரும்பாலும் பிழைக்க வைக்கக்கூடியது. அதற்கு ஒரு தொட்டி வேண்டும். நோயின் அறிகுறி தெரிந்த ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும். இரண்டும் செலவுக் கணக்கில் வருபவை. வெளிமாநில வீரர்களை அள்ளிவரச் செலவிடும் கல்லூரி எதுவானாலும், முதலில் ஒதுக்க வேண்டிய பணம் இதுதான்.

நீதிமன்றம் திறந்த கதவு

இனி வரப்போவது இன்னும் பெரிய இழுப்பு. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் டியேகோ பாவியா, அதற்கு முன் நியூ மெக்சிகோ ராணுவக் கல்லூரியில், இரண்டாண்டுக் கல்லூரிகளின் மட்டத்தில் ஆடியவர். அந்த ஆண்டுகளையும் சேர்த்து எண்ணி ‘உன் காலம் முடிந்தது’ என்றது பல்கலைக்கழக விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பு. அவர் வழக்குப் போட்டார். 2024 டிசம்பரில் டென்னசியின் மத்திய நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அதையடுத்து, அவரைப் போன்ற மற்றவர்களுக்கும் ஓர் ஆண்டு கூடுதலாக ஆட என்சிஏஏ விலக்கு அளித்தது.

2025 ஜூனில் இன்னொரு வழக்கின் உடன்பாட்டுக்கு நீதிமன்றம் ஒப்புதல் தந்தது. பல்கலைக்கழகங்கள் தங்கள் வீரர்களுக்கு நேரடியாகவே பணம் தரலாம். முதல் ஆண்டில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர்.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். சமுதாயக் கல்லூரியில் இரண்டு ஆண்டு கழித்தாலும் பெரிய இடத்துக்கான காலம் வீணாகாது என்ற நம்பிக்கை பிறந்திருக்கிறது. அங்கே போனால் கையில் காசும் உண்டு. இந்தக் கணக்குப் போடத் தெரிந்த இளைஞர்கள் இரண்டாண்டுக் கல்லூரிகளைத் தேடி வருவார்கள். கல்லூரிகளுக்குள் போட்டி கூடும். மைதானத்துக்கு விளக்கு, புதிய உடற்பயிற்சிக் கூடம், மூன்றாவது துணைப் பயிற்சியாளர் என்று கோரிக்கைகள் நிர்வாகக் குழுவின் மேஜைக்கு வரும். சொத்து வரிதான் தாங்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

முதலில் படிவத்தை மாற்றுங்கள். கல்லூரியின் பொது நிதியிலிருந்து வரும் பணத்தை ‘மானியம்’ என்று தனி வரியில் காட்ட வேண்டும். ஒரு மாணவரின் கட்டணத்தில் எத்தனை டாலர் விளையாட்டுக்குப் போகிறது என்பதைக் கட்டண ரசீதிலேயே அச்சிடலாம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னவர்கள் நம் பெரியவர்கள். அளந்த கணக்கை ஊருக்கும் காட்டச் சொல்வோம்.

அடுத்தது, அணிவாரியாகப் படிப்புக் கணக்கு. அந்த ஆண்டறிக்கையில் அதற்கு இடமில்லை. சேர்ந்த முப்பது பேரில் எத்தனை பேர் இரண்டாண்டுப் பட்டம் முடித்தார்கள், எத்தனை பேர் பல்கலைக்கழகத்துக்குப் போனார்கள் என்பதை வெளியிட வேண்டும். ஓர் அணி மூன்று ஆண்டு தொடர்ந்து கல்லூரியின் சராசரிக்குக் கீழே இருந்தால் அதைத் தொடர்வதா என்று நிர்வாகக் குழு வெளிப்படையாக ஓட்டெடுக்கட்டும். அது விளையாட்டு இயக்குநரின் அறைக்குள் முடியும் விவகாரமாக இருக்கக் கூடாது.

வெளிமாநில வீரர்களுக்கு உச்சவரம்பு திரும்ப வேண்டும். கலிபோர்னியாவில் தூரத்து ஊர் மாணவரைப் பயிற்சியாளர் தானாகத் தேடிப்போய் அழைக்க முடியாது. மாணவர்தான் முதலில் கேட்டு வர வேண்டும். அந்த விதி மற்ற மாநிலங்களுக்கும் பொருந்தும். கலிபோர்னியாவிலும் எல்லாம் சரியாக இருப்பதாக எண்ண வேண்டாம். ஓக்லாந்தின் லேனி கல்லூரி அணியைப் பற்றி 2020-இல் நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட ஆவணத் தொடரில், தங்க இடமின்றிக் காரிலேயே படுத்துக்கொண்டு பயிற்சிக்கு வந்த ஒரு வீரரைப் பார்த்தோம். உதவித்தொகை இல்லை என்ற கொள்கை சரி. பசிக்குச் சாப்பாடு இல்லாமல் ஆடச் சொல்வது எந்தக் கொள்கை?

தகுதி பெற்ற மருத்துவ உதவியாளரும் குளிர்நீர்த் தொட்டியும் இல்லாத கல்லூரிக்கு அணி தொடங்க அனுமதியே தரக் கூடாது. இதில் பேரம் வேண்டாம்.

இன்னொரு யோசனை, கொஞ்சம் துணிச்சலானது. உலகக் கால்பந்தில் இளம் வீரரை வளர்த்த சிறிய கிளப்புக்கு, அவரைப் பிறகு விலைக்கு எடுக்கும் பெரிய கிளப் பங்கு தர வேண்டும் என்று ஃபிஃபா விதி வைத்திருக்கிறது. வீரர்களுக்கு ஆண்டுக்கு 2 கோடி டாலர் தரத் தயாராக இருக்கும் பல்கலைக்கழகம், தான் எடுக்கும் வீரரை வளர்த்துவிட்ட சமுதாயக் கல்லூரிக்கு ஒரு சிறு தொகை தந்தால் என்ன? வீரரின் பங்கில் கைவைக்காமல், பல்கலைக்கழகம் தன் பையிலிருந்து தர வேண்டும். அந்தப் பணம் கல்லூரியின் மாணவர் உதவிக்குப் போகட்டும்.

மாரிகோப்பாவின் பத்துக் கல்லூரிகளில் ஒன்று சாண்ட்லர்-கில்பர்ட். இன்டெல் வேலைக்குப் போய் அந்தப் பக்கம் வீடு வாங்கியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பல. உங்கள் சொத்து வரி ரசீதில் சமுதாயக் கல்லூரி மாவட்டத்துக்கு என்று தனியாக ஒரு வரி இருக்கும். நிர்வாகக் குழுக் கூட்டங்களில் பொதுமக்கள் போய் உட்காரலாம். அக்டோபர் 15-க்குப் பிறகு வரும் கூட்டம் ஒன்றுக்கு அந்த ரசீதை எடுத்துக்கொண்டு போங்கள்.